ஒரு சொல் எத்தனை முறை கண்ணில் பட்டால் மனத்தில் நிற்கும்? ஜப்பானிய மொழி தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் பெரும்பாலோருக்கு ஒரே சிக்கல்தான் வருகிறது. திங்கட்கிழமை இருபது சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். வியாழக்கிழமை கேட்டால் ஐந்துதான் வருகிறது. பதறிப்போய் அதே இருபதையும் நோட்டில் முப்பது முப்பது தடவை எழுதுகிறார்கள். அடுத்த வாரம் ஏழு வருகிறது. உழைப்பில் குறையில்லை. முப்பது தடவையையும் ஒரே இருப்பில் செலவழித்துவிட்டதுதான் கோளாறு.

தமிழர்களுக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு பெரிய தடையல்ல. அங்கும் வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆகவே தொடக்க நிலையில் உழைப்பின் பெரும்பகுதி சொற்களுக்கும் எழுத்துக்கும்தான் போகிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் பழைய நான்காம் நிலைக்கு, அதாவது இன்றைய தொடக்க நிலையான என்5-க்கு இணையான நிலைக்கு, ஏறக்குறைய 800 சொற்களும் 100 கான்ஜி (சீன வழி வந்த) எழுத்துகளும் வேண்டும் என்று வரையறுத்திருந்தார்கள். 2010-க்குப் பிறகு அப்படிப் பட்டியல் வெளியிடுவதில்லை. ஆனாலும் திட்டமிட 800 என்ற எண் போதும். இக்கட்டுரை அந்த 800-ஐ மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

எண்ணிக்கை பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். அதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ஒரே நாளில் அடுத்தடுத்து 68 முறை படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாள்களில் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்தது. இடைவெளி விட்டதால் ஏறத்தாழப் பாதி வேலை மிச்சம்.

அடுத்தது வாசிப்பு. ராப் வேரிங், மிசாகோ தகாகி இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கற்கும் ஜப்பானியர்கள் எளிமைப்படுத்திய கதைப் புத்தகம் ஒன்றைப் படித்தார்கள். அதில் 25 சொற்களுக்குப் பதிலாகப் புனைந்த சொற்களைப் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பொருள் கேட்டபோது, சராசரியாக 25-இல் ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. எட்டு முறைக்கும் குறைவாக வந்த சொற்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. "நிறையப் படி, தானாக வரும்" என்ற அறிவுரையைத் தொடக்க நிலையில் உள்ளவரிடம் அப்படியே சொல்லக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

"பத்து முறை பார்த்தால் போதும்" என்று ஒரு கணக்கும் உலவுகிறது. ஸ்டூவர்ட் வெப் 2007-இல் 1, 3, 7, 10 முறை என்று வைத்துச் சோதித்தார். முறை கூடக் கூட அறிவு கூடியது உண்மை. ஆனால் ஒரு சொல்லை முழுமையாகக் கையாளப் பத்துக்கும் மேல் வேண்டியிருக்கலாம் என்பதே அவர் கண்டது. இத்தகைய 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், எண்ணிக்கைக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு 0.34 என்ற நடுத்தர அளவில்தான் வந்தது. எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் அதைவிட, அந்தச் சந்திப்புகள் எப்படி நடந்தன என்பதில்தான் நிறைய அடங்கியிருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த "எப்படி" பற்றியவை.

முதல் படி: தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. திரும்பத் திரும்பப் பார்ப்பது சரியானதை மட்டுமல்ல, தவறானதையும் அதே வலிமையோடு பதிய வைக்கும்.

தமிழ் எழுத்தில் க, த, ப ஆகியவற்றின் வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி எழுத்து இல்லை. ஜப்பானிய மொழியில் அந்த வேறுபாடுதான் பொருளைப் பிரிக்கிறது. வானிலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் "தென்கி"தான். முதலாவதில் "தங்கம்" என்பதன் த; இரண்டாவதில் "தினேஷ்" என்று பெயர் சொல்லும்போது வரும் மெல்லிய த. பொன், வெள்ளி இரண்டும் "கின்" ஆகிவிடும். இன்னொரு தொல்லை: சொல்லின் நடுவில் ஒற்றைக் க வந்தால் நம் வாய் அதை மெலிதாக்கிவிடும். அதைத் தவிர்க்க "க்க" என்று இரட்டித்தால், ஜப்பானியர் காதில் அது வேறொரு சொல்லாகக்கூட விழலாம். அவர்களுக்கு ஒற்றையும் இரட்டையும் வேறு வேறு. "வா" என்று கூப்பிடும் கிதெ வேறு, தபால்தலையான கித்தெ வேறு.

இந்தக் கட்டுரையில் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நீங்கள் சொற்களை எழுதி வைத்துப் பழகும் அட்டையில் அப்படி வேண்டாம். ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்து முறையான ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46. தினம் ஐந்து என்று வைத்தால் பத்து நாள். மெல்லொலியைக் காட்டும் இரண்டு சிறு கோடுகளுக்கு இன்னும் சில நாள். இந்த இரண்டு வாரம் முடியும்வரை சொற்பட்டியல் பக்கமே போகாமலிருப்பது நல்லது. படு, பட்டு என்று பிரித்துக் கேட்டுப் பழகிய காது நம்முடையது. நெடில் குறில் வேறுபாடும் நமக்கு இயல்பு. மாமாவைக் குறிக்கும் ஒஜிஸான், தாத்தாவைக் குறிக்கும் ஒஜீஸான் இரண்டையும் பிரித்தறிய மற்ற மொழிக்காரர்கள் படும் பாடு நமக்கு இல்லை. காது தயாராக இருக்கிறது. அதற்கு ஏற்ற எழுத்து மட்டும் வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே கூட்டத்துச் சொற்களைப் பிரித்துப் போடுங்கள்

பாடநூல்கள் வசதிக்காக நிறங்களை ஒரே பக்கத்திலும், உறவுமுறைகளை ஒரே பக்கத்திலும் தருகின்றன. அட்டவணையாகப் பார்க்க அழகாக இருக்கும். மனப்பாடம் செய்ய மோசமான வரிசை. பொருளால் நெருங்கிய சொற்களை ஒன்றாகப் புதிதாகக் கற்றால் ஒன்றை ஒன்று குழப்பும் என்பதைத் தாமஸ் டின்கம் 1993-இலேயே சோதித்துக் காட்டினார்.

மிகி என்றால் வலது, ஹிதரி என்றால் இடது. இரண்டையும் ஒரே நாளில் கற்றவர்கள் ஓராண்டு கழித்தும் ஒரு கணம் தயங்குவார்கள். கஸு என்பது கடன் கொடுப்பது, கரிரு என்பது கடன் வாங்குவது. இதிலும் அதே கதை. முதலில் ஒன்றை மட்டும் எடுங்கள். அது யோசிக்காமல் வரத் தொடங்கியதும், ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் கழித்து, மற்றதைச் சேருங்கள். ஒரு நாளுக்கு எட்டுச் சொல் என்றால் அந்த எட்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வரட்டும்: ஒரு வினை, ஒரு காய்கறி, ஒரு இடப்பெயர், ஒரு உணர்வு என்பது போல.

மூன்றாம் படி: அட்டை செய்தல்

காகித அட்டையும் சரி, அட்டைகளைத் திரையில் காட்டும் ஆன்கி செயலியும் சரி. (ஆன்கி என்பதே "மனப்பாடம்" என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்தான்.) கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம் உண்டு.

ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு அட்டை:

1. முன்பக்கம் ஜப்பானியச் சொல், கூடவே ஒலிப்பதிவு. பின்பக்கம் தமிழ்ப் பொருள், அந்தச் சொல் வரும் ஒரு சிறு வாக்கியம்.
2. முன்பக்கம் தமிழ்ப் பொருள் அல்லது படம். பின்பக்கம் ஜப்பானியச் சொல்.

ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் இல்லை, கையால் எழுதுவதும் இல்லை. ஆகவே தேர்வு மட்டும் இலக்கு என்றால் முதல் வகை போதும். ஜப்பானில் போய் வேலை பார்க்கப் போகிறவர் இரண்டாவதை விடவே கூடாது. முதல் வகை மட்டும் செய்தவர்களுக்கு எல்லாம் புரியும், வாயில் ஒன்றும் வராது.

அட்டையைப் புரட்டும் விதம்தான் இங்கே உயிர். முன்பக்கத்தைப் பார்த்ததும் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகே புரட்ட வேண்டும். வரவில்லை என்றால் ஐந்து விநாடி முயன்றுவிட்டுப் புரட்டலாம். "ஆமாம், இது எனக்குத் தெரியும்" என்று புரட்டிய பிறகு தலையாட்டுவது கணக்கில் சேராது. ஜெஃப்ரி கார்பிக்கி, ஹென்றி ரோடிகர் இருவரும் 2008-இல் செய்த சோதனையில் 40 சுவாஹிலிச் சொற்களை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு சொல் ஒருமுறை நினைவுக்கு வந்ததும் அதைச் சோதிப்பதை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 36 விழுக்காடு மிஞ்சியது. படிப்பதை நிறுத்தி, சோதிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு 80 விழுக்காடு. கண்ணில் படுவது வேறு, உள்ளிருந்து எடுப்பது வேறு. சொல்லை மனத்தில் நிற்க வைப்பது இரண்டாவதுதான்.

நான்காம் படி: இடைவெளி

புதுச் சொல்லை முதல் நாளில் மூன்று முறை பாருங்கள்: அறிமுகம், பத்து நிமிடம் கழித்து, இரவு படுக்கும் முன். அதன்பின் 1, 3, 7, 16, 35 நாள் என்று இடைவெளி விரியட்டும். இந்த எண்கள் கல்வெட்டு அல்ல. ஒரு நாள் முன்பின் ஆனால் ஒன்றும் கெடாது. தவறினால் மட்டும் மறுபடி ஒரு நாளுக்குத் திரும்ப வேண்டும்.

காகிதத்தில் செய்பவர்களுக்கு, ஜெர்மானிய எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய பெட்டி முறை உண்டு. ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும்.

ஆன்கியில் அமைப்பை மாற்றாமல் தொடங்கினால் நாளுக்கு 20 புது அட்டை வரும். இங்கே ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நடக்கிறது. செயலி எண்ணுவது அட்டைகளை, சொற்களை அல்ல. எட்டுச் சொல் என்றால் இருபக்கமும் சேர்த்து 16 அட்டை. அதையே வரம்பாக வையுங்கள். ஒரே சொல்லின் இரு அட்டைகளும் ஒரே நாளில் வராமல் தள்ளிவைக்கும் விருப்பம் அமைப்பில் இருக்கிறது, அதையும் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் அட்டை இரண்டாவதற்கு விடை சொல்லிக்கொடுத்துவிடும்.

சில வாரங்களில் தினசரி மீள்பார்வை, புது அட்டைகளைப் போல ஏழு முதல் பத்து மடங்கு ஆகும். 16 புது அட்டை என்றால் 110 முதல் 160 வரை. அட்டைக்கு ஏழெட்டு விநாடி என்றால் 15 முதல் 20 நிமிடம். வேலைக்குப் போய்வருபவரால் இதைத் தாங்க முடியும். தொடக்க உற்சாகத்தில் நாளுக்கு 30 சொல் என்று ஏற்றுபவர்கள் மூன்றாவது வாரத்தில் நாளுக்கு 400 அட்டைக்கு மேல் எதிர்கொண்டு, செயலியையே நீக்கிவிடுகிறார்கள்.

எட்டுச் சொல், நூறு நாள், 800 சொல். தேர்வு ஜூலை முதல் ஞாயிறு என்றால் மார்ச் தொடக்கத்திலும், டிசம்பர் முதல் ஞாயிறு என்றால் ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஆரம்பிக்க வேண்டும். கடைசி மூன்று வாரம் புதுச் சொல் எதுவும் கிடையாது.

ஐந்தாம் படி: அட்டைக்கு வெளியே சந்திக்க வைப்பது

அட்டை சொல்லை அறிமுகம் செய்து வைக்கும். அந்தச் சொல் யாரோடு சேரும், எங்கே சேராது என்பதை அட்டையால் சொல்ல முடியாது. இதற்குத் தமிழர்களுக்கென்றே அமைந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது.

கக்கெரு என்று ஒரு வினைச்சொல் (ஹிரகானாவில் நடுக் க ஒற்றைதான்). அகராதியில் பார்த்தால் "தொங்கவிடு" என்று முதலில் இருக்கும். ஆனால் மூக்குக் கண்ணாடிக்கும் கக்கெரு, தொலைபேசிக்கும் கக்கெரு, பூட்டுக்கும் கக்கெரு. நாமும் கண்ணாடி போடுகிறோம், போன் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம். அகராதிப் பொருளை நினைத்துத் தடுமாறியவருக்கு, மூன்று வெவ்வேறு வாக்கியங்களில் இதைப் பார்த்ததும் "அட, நம்ம போடு!" என்று பிடி கிடைத்துவிடும். அங்கேதான் அடுத்த வழுக்கலும் இருக்கிறது. சட்டை போடுவதற்குக் கக்கெரு வராது, அதற்குக் கிரு. செருப்பும் கால்சட்டையும் ஹக்கு (இங்கும் க ஒற்றைதான்). தொப்பி கபுரு. உணவில் சோயா சாற்றை ஊற்றுவதற்கோ மறுபடி கக்கெரு வந்துவிடும். இந்த எல்லைக்கோட்டை ஒரே வாக்கியத்தை இருபது முறை பார்த்து அறிய முடியாது. ஐந்து வெவ்வேறு வாக்கியங்களை நான்கு நான்கு முறை பார்த்தால் அறியலாம். மருந்துக்கும் அப்படித்தான்: மாத்திரையாகவே இருந்தாலும் குஸுரி ஒ நொமு, அதாவது மருந்தைக் "குடிக்க" வேண்டும். நாம் மாத்திரை சாப்பிடுகிறோமே என்று "சாப்பிடு" என்பதற்கான தபெருவைப் போட்டால் பொருந்தாது. அதனால் அட்டையில் மருந்து என்ற சொல்லைத் தனியாக வைக்காமல், வினையோடு சேர்த்தே வையுங்கள்.

செய்ய வேண்டியது: ஒரு சொல் ஏழு நாள் இடைவெளியைத் தாண்டியதும், அதன் பின்பக்கத்தில் முதல் வாக்கியத்துக்குக் கீழே வேறு சூழலில் வந்த இன்னொரு வாக்கியத்தைச் சேருங்கள். எல்லாச் சொல்லுக்கும் வேண்டாம். வினைகளுக்கும், தமிழில் ஒரு சொல்லாக இருந்து ஜப்பானியத்தில் இரண்டு மூன்றாகப் பிரிபவற்றுக்கும் மட்டும். குளிர் என்ற ஒரு சொல்லை எடுத்தால், காற்று குளிர்ந்தால் ஸமுய், தண்ணீர் தொட்டால் சில்லென்றிருந்தால் த்ஸுமெதய்.

வாசிப்புக்கு என்ன எடுப்பது? நிலை வாரியாக எளிமைப்படுத்திய சிறு புத்தகங்கள் ஜப்பானிய மொழியில் நிலை 0-இலிருந்தே கிடைக்கின்றன. இணையத்தில் இலவசமானவையும் உண்டு. "ததொகு" என்று தேடுங்கள். நிறைய வாசித்தல் என்று பொருள். ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகத் தரும் "இரொதொரி" பாடநூலுக்கு ஒலிப்பதிவும் இருக்கிறது. தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல்: ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் தெரியாமலிருந்தால் சரி. மார்செல்லா ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-இல் சோதித்துப் பார்த்தபோது, பெரும்பாலோருக்குத் துணையின்றிப் புரிய 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. 80 விழுக்காடு மட்டும் தெரிந்த நிலையில் யாருக்கும் போதிய அளவு புரியவில்லை. அனிமே பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் முதல் ஆண்டில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கும் இதுதான் விடை. தெரியாத சொல் ஓயாமல் கொட்டும்போது எந்தச் சொல்லும் தனியாகப் பிடிபடாது. போதாததற்குக் கீழே வசன வரி ஓடினால் கண் அதைத்தான் படிக்கும்.

ஒரே சிறுபுத்தகத்தை ஒரு வாரத்தில் மூன்று முறை படியுங்கள்: திங்கள் மெதுவாக, புதன் ஒலியோடு, சனி வாய்விட்டு. தெரியாத சொல்லுக்கு நடுவில் அகராதியைத் திறக்க வேண்டாம். மூன்றாம் வாசிப்பிலும் தட்டினால் மட்டும் அட்டையாக்குங்கள்.

வாசிப்பு மட்டுமே போதாது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். பத்தாயிரம் சொல்லுக்கு ஒருமுறை தலைகாட்டும் சொல்லைப் பத்து முறை சந்திக்க ஒரு லட்சம் சொல் படிக்க வேண்டும். நிலை 0 புத்தகம் ஒன்றில் சில நூறு எழுத்துகள்தான் இருக்கும். தொடக்கத்தில் ஐந்தாறு சந்திப்பை அட்டை தரட்டும்; மீதியை வாசிப்பும் கேட்பும் தரட்டும்.

வழியில் கெடுவது

சில அட்டைகள் எத்தனை முறை வந்தாலும் பிடிபடாது. ஆன்கி எட்டு முறை தவறிய அட்டைக்கு ஆங்கிலத்தில் "leech" என்று அடையாளம் போடுகிறது, இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி என்ற பொருளில். நேரத்தை உறிஞ்சுவது உண்மைதான். இதற்கு ஒன்பதாவது முறையும் அதையே காட்டுவது மருந்தாகாது. அதோடு குழம்பும் சொல் எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். இரண்டில் ஒன்றை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். குழப்பும் சொல் இல்லையென்றால், வாக்கியத்தை மாற்றுங்கள், படம் சேருங்கள்.

ஊருக்குப் போய் ஐந்து நாள் விட்டுவிட்டால் 500, 600 அட்டை குவிந்திருக்கும். ஒரே நாளில் தீர்க்க முயலாதீர்கள். புதுச் சொல்லை நிறுத்திவிட்டு, நாளுக்கு 150 என்று வரம்பு வைத்து, குறுகிய இடைவெளி அட்டைகளை முதலில் முடியுங்கள். குவியல் தீர்ந்த பிறகு எட்டுக்குப் போகாமல், நான்கில் மறுபடி தொடங்குங்கள்.

இன்னொன்று, சொல் தெரியாமல் அட்டையின் தோற்றம் மட்டும் தெரிந்துபோவது. எழுத்தின் நிறம், வாக்கியத்தின் நீளம், வரும் வரிசை இவற்றை வைத்து விடை சொல்லிவிடுவோம். வெளியே அதே சொல் வந்தால் அடையாளம் தெரியாது. இதைப் பிடிக்க மாதம் ஒருமுறை, ஒரு மாதத்துக்கு முன் கற்ற சொற்களில் முப்பதைத் தமிழ்ப் பொருளாக மட்டும் ஒரு தாளில் எழுதி, செயலியைத் தொடாமல் எதிரே ஹிரகானாவில் எழுதிப் பாருங்கள். 24-க்கு மேல் வந்தால் நாளுக்குப் பத்துச் சொல்லாக உயர்த்தலாம். 18 முதல் 24 வரை என்றால் இப்போதுள்ளபடியே தொடருங்கள். 18-க்கும் கீழே என்றால் புதுச் சொல்லை நான்காகக் குறைத்து, அந்த நேரத்தை இரண்டு வாரம் வாசிப்புக்குக் கொடுத்துவிட்டு, அதே முப்பதை மறுபடி எழுதிப் பாருங்கள்.